பத்து வரை

முதல் முறை நுண்கணிதத்தில் தோற்றவர்களும்
விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது அறிவிப்பில்.
மூன்றாம் மாடி. தாளின் ஒரு முனையைக்
காற்று பிய்த்திருந்தது.
புந்தா அரேனாசில் காற்று
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.

நான் தோற்றிருந்தேன்,
ஐயத்துக்கு இடமில்லாமல்.
ஏழுக்கு இரண்டு புள்ளி மூன்று.
மறுமுறை ஐந்து புள்ளி எட்டு.
நடுவில் கிடந்த அந்தக் குளிர்காலம்தான் உன் தகுதி
என்றார் நேர்காணலில் ஒரு பெண்மணி,
மாத்தே குழலை உறிஞ்சியபடி.

சம்பளத்தில் மாதம் ஒரு பூட்ஸ் வாங்கலாம்.
ஜோடியல்ல. இடது கால் மட்டும்.

பயிற்சி ஒரே ஒரு சனிக்கிழமை.
கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணு.
'புரிந்ததா' என்று கேட்காதே,
எல்லோரும் தலையாட்டுவார்கள்.
அவர்களுடைய பென்சிலை மட்டும் தொட்டுவிடாதே.
அப்படியானால் கைகளை எங்கே வைப்பது?
கேட்டான் விலங்கியல் படிக்கும் ஒருவன்.
தொடைக்கு அடியில் என்றார்கள்.
சிரித்தோம்.

கழுத்தில் மாட்ட அட்டை தந்தார்கள்:
இவோ மன்சியா, சக பயிற்றுநர்.
என் பெயரில் ஓர் எழுத்து பிழை.
திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய், தமாரிஸ் பர்ரீயா
எதிரே வந்து உட்கார்ந்தாள்.
நீரிணைக்கு அக்கரை, போர்வெனீர்.
வார இறுதியில் படகேறிப் போய்
நண்டு ஆலையில் ஓடு உடைத்துவிட்டு வருவாள்.
முள் குத்திய விரல்களால்
பென்சிலை மிக மெல்லப் பிடிப்பாள்.
எழுத்தும் மெல்லியது,
எழுதும்போதே அழிக்கத் தயாரானதுபோல.

நான் பத்து வரை எண்ணுவேன்.
ஏழிலேயே விடை சொல்லிவிடுவாள்,
கடைசியில் குரலை உயர்த்தி, ஒரு கேள்விபோல.
சரியான விடை ஏன் கேள்விபோல வருகிறது என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம். சைனைத் தொகையிட்டுக்கொண்டிருந்தோம்.
ஒரு மைனஸ் போட்டாள்.
ஐந்து மணிக்குள் வெளியே இருட்டிவிட்டது.
எனக்குப் பசி.
"அது வேண்டாம்" என்றேன்.
பென்சிலைத் தொடவில்லை.
கைகள் தொடைக்கு அடியில்தான் இருந்தன.
விதியை நான் எள்ளளவும் மீறவில்லை.

தேர்ச்சிக்கு நான்கு வேண்டும்.
அவளுக்கு மூன்று புள்ளி ஒன்பது.

அன்றிரவு என் பழைய விடைத்தாளைத் தேடினேன்,
அந்த இரண்டு புள்ளி மூன்றை.
அதே இடம். அதே இல்லாத மைனஸ்.
ஆசிரியர் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்,
வெறும் காகிதத்தைச் சுற்றி.

அடுத்த செவ்வாய் சொன்னேன்,
பிழை என்னுடையது என்று.
"தெரியும்" என்றாள்.
"எப்போதிலிருந்து?"
"அழிக்கும்போதே."
"பிறகு ஏன் அழித்தாய்?"

பத்து வரை எண்ணினேன். இருபது வரை.
முப்பத்து நான்கில் சொன்னாள்:
"உன் கழுத்தில் தொங்குகிறதே, அது."

அட்டையைக் கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசை.
கழற்றினால் அந்த மணிநேரத்துக்குச் சம்பளம் கிடையாது.
திருப்பி மாட்டிக்கொண்டேன்,
வெற்றுப் பக்கம் தெரியும்படி.
அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை.
சன்னலில் நீரிணை.
தூரத்துப் படகு ஒரு சின்னக் கோடாகத்
தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே நின்றது.
அதை யாரும் அழித்துவிட முடியாது என்று
எதற்கோ நினைத்தேன்.

இப்போது பேனாவில் எழுதுகிறாள்.
தப்பென்றால் மேலே ஒரு கோடு.
அடியில் இருப்பது அப்படியே தெரிகிறது.

நேற்று நான் ஏதோ சொன்னேன், உறுதியாகத்தான்.
அவள் எதையும் அடிக்கவில்லை.
"எங்கே, நிறுவு."
பேனாவை மேசைமேல் என் பக்கம் உருட்டிவிட்டுத்
தன் கைகளைத்
தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.
உதடு அசையாமல்
அவள் எண்ணுவது எனக்குக் கேட்டது.